கோவிச்சுக்கிட்டுப் போன பாதை

எங்க மந்திச்சுனையில கோவிச்சுக்கிட்டுப் போறதுங்கிறது தும்மல் மாதிரி, வந்தா வந்ததுதான், அடக்க முடியாது. பந்தியில ரெண்டாம் தடவை ரசம் வேணுமான்னு கேக்காம விட்டாகன்னு எந்திரிச்சுப் போன மாமன் உண்டு, கல்யாணப் பத்திரிகையில தம்பி பேருக்குக் கீழ தன் பேரைப் போட்டாகன்னு ஊரை விட்டே போன அண்ணன் உண்டு, தன்னைய யாரும் எதுவுமே சொல்லலையேன்னு கோவிச்சுக்கிட்டுப் போன சித்தப்பா ஒருத்தரும் உண்டு, அவரு இன்னும் திரும்பலை. அதனால பங்குனி மாசத்து ஒரு திங்கக்கிழமை காலையில, ஊருக்கும் ஆனைச்சுனை ஊத்துக்கும் நடுவுல அப்பன் பாட்டன் காலத்துலயிருந்து மலை மேல படுத்துக் கிடந்த மூணு மைல் ஒத்தையடிப் பாதை, எந்திரிச்சு, மண்ணை உதறிக்கிட்டு, கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சுன்னு சேதி வந்தப்ப, ஊர்ல ஒரு ஆளு வாயில கை வைக்கலை. "எந்தப் பக்கம் போச்சு?"ன்னு மட்டும்தான் கேட்டாக.

நான் மைக் செட்டு ராசாங்கம். காதுகுத்தா இருந்தாலும் கருமாதியா இருந்தாலும் என் குழாய் கட்டாம எங்க ஊர்ல ஒண்ணும் நடக்காது. இந்த விசயத்துல எனக்கும் பங்கு இருக்கு, அதை முன்னாடியே சொல்லிர்றேன், பின்னாடி யாரும் வந்து மறைச்சுட்டான்னு சொல்லக் கூடாது பாருங்க.

எங்க ஊராட்சித் தலைவி போதுமணி. எனக்கு மதினி முறை. வீட்டுக்கு அஞ்சாவது பொண்ணாப் பொறந்து, இதோட போதும் சாமின்னு பேரு வச்சாக. பேரு வச்சவுகளுக்குத்தான் போதும், அவளுக்கு எதுவுமே போதாது. தலைவியான நாள்லயிருந்து தெருவுக்குக் குழாய் வேணும், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேணும்னு ஆபீசு ஆபீசா ஏறி இறங்கி, கடைசியில எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு வந்து பார்த்தா ஊர்ல ஆளைக் காணோம். பாதி வீட்டுல பூட்டுத் தொங்குது. பூட்டுன ஆளுக பூராம் திருப்பூர்ல, பனியன் கம்பெனியில. இருந்த ஒரே மக பாண்டிச்செல்வியும் மருமகன் வனராஜும் கூட, "யம்மா, நாங்களும் கெளம்புறோம்"னு சொன்ன அன்னைக்குத்தான் மதினிக்கு நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி ஆயிருச்சு.

அந்தச் சமயத்துலதான் மாவட்டத்துலயிருந்து ஒரு அம்மா ஜீப்புல வந்து, உங்க மலைப்பாதையைச் சுத்தம் பண்ணிக் கைகாட்டிப் பலகை வச்சீங்கன்னா, நடக்கிறதுக்குன்னே டவுன்லயிருந்து ஜனம் வரும், வர்ற ஜனத்துக்குச் சோறு, தண்ணி, படுக்க இடம்னு ஊரே பிழைச்சுக்கலாம்னு சொன்னாக.

"நடந்து எங்க போவாக?"ன்னு கேட்டோம்.

"ஆனைச்சுனை வரைக்கும்."

"அங்க அவுகளுக்கு என்ன சோலி?"

"ஒண்ணும் இல்ல. போயிட்டுத் திரும்பி வருவாங்க."

சோலி இல்லாம ஒரு மனுசன் மலையேறுவானான்னு நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். மதினி மட்டும் பார்க்கலை. நேரா மக வீட்டுக்குப் போயி, "பங்குனி வரைக்கும் பொறுங்க. தெறப்பு விழா முடிஞ்ச அந்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளு வரலைன்னா மத்தியான பஸ்ஸுக்கு நானே பெட்டியைத் தூக்கி வைக்கிறேன்"னு சொல்லிட்டு வந்துட்டா. வாக்குக் கொடுத்துட்டா இல்ல, அதுக்கப்புறம் அவ தூங்குனதை யாரும் பார்க்கலை. இருபத்திரண்டு பொம்பளைகளைச் சேர்த்துக்கிட்டு முள்ளை வெட்டுனா, உண்ணிச்செடியைப் பிடுங்குனா, சறுக்குற எடத்துல கல்லு அடுக்குனா. கல்லுத் தூக்க ஆம்பளைகளைக் கூப்பிட்டா, ஆலமரத்தடியில ஆடுபுலி ஆட்டத்துல குனிஞ்ச தலை நிமிரலை. மதினி ஒண்ணும் சத்தம் போடலை. ஒவ்வொரு கல்லாக் கொண்டாந்து ஆட்டக் கட்டத்துக்கு மேலயே வச்சா. கல்லைத் தூக்குனாத்தான் ஆட்டம், தூக்குன கல்லைக் கீழ வச்சா அவ நிக்கிறா, வேற வழி இல்லாம அவனவன் தூக்கிக்கிட்டு மலைக்கு நடந்தான். மாசி பொறக்கிறதுக்குள்ள பாதை பளபளன்னு, கல்யாணப் பொண்ணு கணக்கா ஆயிருச்சு.

அப்பதான் நாங்க அந்தத் தப்பைப் பண்ணுனோம்.

எங்க வீடுகள்ல நல்ல பொருள் எதுவும் வீட்டு ஆளுக்குக் கெடையாது. பூப்போட்ட பீங்கான் தட்டு பீரோவுல இருக்கும், விருந்தாளிக்கு. புதுப் போர்வை பரண்ல இருக்கும், விருந்தாளிக்கு. டவுன்ல வாங்குன நாற்காலிக்குப் போட்ட பாலிதீன் உறையை நாற்காலிக் காலு உடையிற வரைக்கும் கழட்ட மாட்டோம், வேர்த்து ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்போமே தவிர. அதே மாதிரி மதினி பாதைக்கு ரெண்டு பக்கமும் முள்ளை வெட்டி அடைச்சு, ஒரு பலகையும் வச்சா: "உள்ளூர்க்காரர்கள் நடக்கக் கூடாது. விருந்தினர் வரும்வரை பாதை புதிதாகவே இருக்க வேண்டும்." அதை நான் தினமும் மைக்குல வேற சொன்னேன். யாருக்கும் வருத்தம் இல்ல, பெருமைதான். விறகுக்குப் போறவுக ஓடைக்குள்ள இறங்கிச் சுத்திப் போனாக, ஆட்டை முள்ளுக்காடு வழியா ஓட்டுனாக, கால்ல முள்ளேறி நொண்டிக்கிட்டு வந்தவன் கூட, "நம்ம பாதை எப்படிக் கெடக்கு பார்த்தியா, ஒரு புழுக்கை கெடையாது"ன்னு சொல்லிச் சந்தோசப்பட்டான். அப்படி ஒரு மனுசக் காலு, ஒரு ஆட்டுக் குளம்பு படாம அந்தப் பாதை ரெண்டு மாசம் தனியாக் கெடந்துச்சு.

திங்கக்கிழமை தெறப்பு விழா. வளைவு கட்டியாச்சு, ரிப்பன் கட்டியாச்சு, நாற்பத்தொரு மூஞ்சியோட ஃபிளெக்ஸ் வச்சாச்சு. என் மூஞ்சி பதினேழாவது, பாதி மறைஞ்சிருந்துச்சு, அதை விடுங்க. விடிஞ்சு போயிப் பார்த்தா வளைவு இருக்கு, ரிப்பன் இருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் கழுத்தளவு முள்ளுப் புதர். நாங்க நட்ட கைகாட்டிப் பலகைக புதருக்குள்ளயிருந்து தலையை மட்டும் நீட்டிக்கிட்டு, ஆனைச்சுனை இந்தப் பக்கம்னு காட்டுது. பாதை கெடந்த தடம் கூட இல்ல.

மாவட்டத்து அம்மா வந்து இறங்குனாக. வளைவைப் பார்த்தாக, புதரைப் பார்த்தாக, மதினியைப் பார்த்தாக.

"கோவிச்சுக்கிட்டுப் போயிருக்குங்கம்மா. கூட்டிக்கிட்டு வந்துர்றோம்"னு சொன்னா மதினி.

அந்த அம்மாவும் ஒரு கிராமத்துல பொறந்தவுகதான் போலருக்கு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டு, "என்ன முறை செய்யாம விட்டீங்க?"ன்னு கேட்டாக. எங்களுக்குத் தெரியலை. "வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நாற்பது பேர் நடக்க வர்றாங்க. பேரு கொடுத்தாச்சு, இனிமே மாத்த முடியாது. அதுக்குள்ள சமாதானம் பண்ணிருங்க"ன்னு சொல்லிட்டு, ஒரு கலர் குடிச்சுட்டுக் கெளம்பிட்டாக.

சாயங்காலத்துக்குள்ள சேதி வந்துருச்சு. பாதை மலையைச் சுத்திக்கிட்டு பக்கத்து ஊரு பொட்டிப்பாறையில போயிப் படுத்திருக்கு. பொட்டிப்பாறைக்கும் எங்களுக்கும் ரெண்டு தலைமுறையா ஆகாது. எதுக்கு ஆகாதுன்னு ரெண்டு ஊருக்காரனுக்கும் மறந்து போச்சு, ஆனா ஆகாது. போயும் போயும் அங்கயா போகணும்னு ஊரே வயிறெரிஞ்சுச்சு.

செவ்வாக்கிழமை முழுக்க ஆலமரத்தடியில கூட்டம். குத்தம் எங்கன்னு தேடுனோம், உடனே கெடைச்சுச்சு: ஃபிளெக்ஸ்ல நாற்பத்தொரு மூஞ்சி இருக்கு, பாதையோட படம் இல்ல. அட, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை படம் இல்லாம பத்திரிகை அடிச்ச கதைதான். சரி, போயி அழைக்கணும். அழைக்கணும்னா என்ன முறைன்னு தெரியணும், மாமன்னா ஒரு மாதிரி அழைப்பு, பங்காளின்னா வேற மாதிரி அழைப்பு. "பங்காளிதான், நம்ம கூடவே பொறந்து நம்ம கூடவே கெடக்கு"ன்னாரு ஆட்டுக்கார வீரணன். "எனக்கு எப்படிய்யா பங்காளி ஆகும், நான் வாக்கப்பட்டு அதுலதான் ஏறி வந்தேன், அது எனக்குப் பொறந்த வீட்டு வழி"ன்னா அவரு பொண்டாட்டி ஒச்சம்மா. புருசனுக்குப் பங்காளி, பொண்டாட்டிக்கு அண்ணன்னா, அந்தக் கல்யாணமே செல்லாதேன்னு ஒருத்தன் எடுத்துக் கொடுத்தான், ஒச்சம்மா செருப்பைக் கையில எடுத்தா. பொழுது சாயிற நேரத்துல, எல்லாருக்கும் பொதுவா தாய்மாமன்னு வச்சுக்குவோம், தாய்மாமனுக்குச் செஞ்சு எவனும் கெட்டதில்லைன்னு முடிவாச்சு.

புதன்கிழமை தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம், ஜரிகை வேட்டி, துண்டு, முன்னாடி மேளம், பின்னாடி நான் பேட்டரி மைக்கோட, பொட்டிப்பாறைக்குப் போனோம். போயிப் பார்த்தா பாவம், எங்களுக்குச் சிரிப்பு வந்துருச்சு. பொட்டிப்பாறை முப்பதே வீடு. மூணு மைல் பாதை அதுக்குள்ள எங்க போயிப் படுக்கும்? கயித்தைச் சுருட்டி வச்ச மாதிரி வீட்டைச் சுத்தி, கெணத்தைச் சுத்தி, மாட்டுக் கொட்டத்துக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்து, சுருண்டு கெடக்கு. எதுத்த வீட்டுல தீப்பெட்டி வாங்கப் போன பொம்பளை மூணு மைல் நடந்து மத்தியானம் திரும்பி வர்றா. அந்த ஊருப் பெரிய மனுசன் பெத்தணன், மாட்டை அவுக்கக் காலையில கெளம்பி இன்னும் மாட்டுக்கிட்டப் போயிச் சேரலை, நடந்துக்கிட்டேதான் எங்களோட பேசுனாரு.

"கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்காக, வந்த விருந்தாளியைப் போன்னு சொல்ல வாயி வருமா? நீங்களே கேட்டுக்கங்க"ன்னாரு.

கேட்டோம். தாம்பாளத்தைக் கீழ வச்சு, வேட்டியை விரிச்சு, "மாமா, தெரியாம நடந்துபோச்சு, மனசுல வச்சுக்காதீக, ஃபிளெக்ஸ்ல பெருசாப் போட்டுர்றோம், முழு உருவமாவே போட்டுர்றோம்"னு நான் மைக்குல சொன்னேன். பாதை லேசா நெளிஞ்சுச்சு. வேட்டியை ஓரமாத் தள்ளி விட்டுருச்சு. இன்னொரு தடவை விரிச்சோம், இன்னொரு தடவை தள்ளுச்சு. மூணாவது தடவை ஒச்சம்மா அழுது பார்த்தா, அதுக்கும் மசியலை. மேளக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் வாசிச்சுட்டு நிறுத்துனாரு.

வியாழக்கிழமை பாண்டிச்செல்வி பாத்திரத்தையெல்லாம் சாக்குல கட்டுனா. நான் அப்ப வாடகைக்கு விட்ட டியூப் லைட்டைத் திருப்பி வாங்க அந்தப் பக்கம் போயிருந்தேன். மதினி வாசப்படியில உக்காந்து, மக கட்டுறதையே பார்த்துக்கிட்டு இருந்தா.

"யம்மா, நான் உன் மேல கோவப்பட்டுப் போகலைம்மா. வயித்துப் பாட்டுக்குப் போறேன். உன்னைய விட்டுட்டுப் போறது எனக்கு மட்டும் ஆசையா?"ன்னா பாண்டிச்செல்வி. மதினி தலையை ஆட்டுனா. வெளிய வந்து எங்கிட்ட மட்டும் சொன்னா:

"கோவிச்சுக்கிட்டுப் போறவளை எப்படிக் கூப்பிடுறதுன்னு எனக்குத் தெரியும் கொழுந்தனாரே. கோவமே இல்லாமப் போறவளை என்ன சொல்லிக் கூப்பிடுறது?"

நான் டியூப் லைட்டைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியவும் மதினி யார்கிட்டயும் சொல்லாம, தாம்பாளம் இல்லாம, மேளம் இல்லாம, முள்ளுக்காட்டு வழியா நடந்தே பொட்டிப்பாறைக்குப் போயிட்டா. அங்க நடந்ததைப் பெத்தணன் எனக்குச் சொன்னாரு, அவரு பொய் சொல்ற ஆளில்லை, பொட்டிப்பாறைக்காரரா இருந்தாலும்.

போனவ பாதைக்கு முன்னாடி நின்னு முதல்ல திட்டித் தீர்த்திருக்கா. "உனக்கு என்ன கொறை வச்சேன்? கையி கிழிய முள்ளு வெட்டுனேனே, முதுகு ஒடியக் கல்லு சுமந்தேனே, இன்னைக்கு என் மக போறாடா, உன்னைய நம்பித்தானேடா அவளை நிக்கச் சொன்னேன்!" பாதை அசையலை. அப்ப ஒரு பொட்டிப்பாறைக்காரி தலையில விறகுக் கட்டோட அது மேல நடந்து வந்தா. பின்னாடியே இருபது ஆடு, புழுக்கையா உதிர்த்துக்கிட்டு. அவ கால் வச்ச எடமெல்லாம் பாதை பூ மாதிரி மெத்து மெத்துன்னு அமுங்குச்சாம், ஆட்டுக் காலு பட்ட எடத்துல தூசி சந்தோசத்துல எந்திரிச்சு ஆடுச்சாம். மதினி அதைப் பார்த்தா. பார்த்துக்கிட்டே நின்னவ, அப்படியே மண்ணுல உக்காந்துட்டா.

"அடப்பாவி... பீரோவுல தட்டை வைக்கிற மாதிரி உன்னைய எடுத்து வச்சுட்டேனே. ரெண்டு மாசம் ஒரு காலு படாமக் கெடந்தியே. முள்ளு அடைச்சவ நான்தான், பலகை வச்சவ நான்தான், உன்னைய வீட்டை விட்டு வெரட்டுனவ நான்தான். மாமனாம் மச்சானாம், வேட்டியாம்! நீ எங்க வீட்டு ஆளு. வீட்டு ஆளைக் கூப்பிடுறதுக்கு எதுக்குத் தாம்பாளம்?"

அழுது முடிச்சு, மூக்கைச் சிந்திட்டு, எனக்குப் போன் போட்டா.

"மைக்கைப் போடுங்க. ஊர்ல ஒரு ஆளு வீட்டுல இருக்கக் கூடாது. ஆடு, மாடு, விறகுக் கட்டு, தண்ணிக் குடம், எல்லாம் வழக்கம் போல நடக்கட்டும்னு சொல்லுங்க."

"பாதையே இல்லையே மதினி, எங்கிட்டு நடக்க?"

"அவனவனுக்கு எங்கிட்டுச் சோலியோ அங்கிட்டு நடங்க. அது வரும்."

போட்டேன் மைக்கை. சோலி இருந்தா நடக்க எங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்? வீரணன் ஆட்டை மறிச்சு ஓட்டுனாரு. ஒச்சம்மா கெணத்துக்குப் போனா, போற வழியில ரெண்டு வருசமாப் பேசாத நாத்தனா வீட்டுல எட்டிப் பார்த்து, இருக்கியான்னு கேட்டுட்டுப் போனா. ஒருத்தன் கடன் கேக்கப் போனான், இன்னொருத்தன் அவன் வர்றதைப் பார்த்துப் பின்வாசல் வழியாப் போனான். நடக்க நடக்க, காலுக்குக் கீழ முள்ளு ஒதுங்குறது தெரிஞ்சுச்சு. பத்து மணி வாக்குல மலைச் சரிவுல நாங்களே பார்த்தோம்: முன்னாடி போதுமணி மதினி நடந்து வர்றா, அவ பின்னாடியே மூணு மைல் பாதை, அவுந்து விழுந்து, பொட்டிப்பாறை மண்ணையெல்லாம் உதறிக்கிட்டு, நீளமா வருது. பெத்தணனும் கடைசி வளைவுல நின்னு கையை ஆட்டுறாரு. மூணு நாளைக்கு அப்புறம் அவருக்கு மாடு கெடைச்சுருச்சு.

வந்துச்சு, சந்தோசம். ஆனா பழைய எடத்துல படுக்கலை. நாங்க அன்னைக்குக் காலையில எங்கெங்க நடந்தோமோ அங்கதான் படுத்துச்சு. வீரணன் ஆட்டுக் கெடைக்கு நடுவுல போயி, ஒச்சம்மா அடுப்படி ஓரமா வளைஞ்சு, நாத்தனா வீட்டு முருங்கை மரத்தடியில ஒரு சுத்துச் சுத்தி, கடன்காரன் பின்வாசல் வழியா எறங்கி, தெருவுல ஒரு வாசல் விடாம நுழைஞ்சுட்டு, அதுக்கப்புறம்தான் மலையேறுச்சு. மதினி, மாவட்டத்து அம்மா குடுத்திருந்த வரைபடத்தைப் பார்த்தா, பாதையைப் பார்த்தா, வரைபடத்தை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா.

பதினொரு மணிக்கு நாற்பது பேரும் வந்து எறங்குனாக. தொப்பி, கண்ணாடி, ரெண்டு கையிலயும் குச்சி. காலு நல்லாத்தானே இருக்குன்னு நாங்க அவுகளைப் பரிதாபமாப் பார்த்தோம். பாதை போன வழியிலயே நடந்தாக. ஆட்டுக் கெடைக்குள்ள போனவுக குட்டியைத் தூக்கிப் போட்டோ எடுத்தாக, ஒச்சம்மா அடுப்படியைத் தாண்டுனவுக கொழம்பு வாசத்துக்கு நின்னாக, நின்னவுகளுக்கு அவ சோத்தைப் போட்டுட்டா, எதுக்கும் இருக்கட்டும்னு பீங்கான் தட்டை எடுக்காம தினம் திங்கிற ஈயத் தட்டுலயே போட்டா. பன்னெண்டு மணிக்கு ஊரே கல்யாண வீடா ஆயிருச்சு. ஒரு மணி வாக்குல முதக் கூட்டம் பாண்டிச்செல்வி வாசலுக்கு வந்துச்சு. வனராஜ் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில போட்டுட்டான், அவ சாக்கை இடுப்புல வச்சுட்டா.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

வாசல்ல நின்னு தண்ணி கேட்டவனை விட்டுட்டு எங்க ஊர்ல எவளாவது பஸ் ஏறுவாளா? சாக்கைக் கீழ வச்சா. பூட்டைத் தெறந்தா. கட்டுன பாத்திரத்தை அவுத்தா. தண்ணி குடிச்சவனுக்குப் பின்னாடி இன்னும் ஆறு பேரு, ஆறு பேருக்குப் பின்னாடி ஒன்பது பேரு, வெயிலுக்குத் தண்ணி பத்தாதுன்னு பக்கத்து வீட்டுல தயிர் வாங்கியாரச் சொன்னா. அந்த நேரத்துல மதினி, காலெல்லாம் முள்ளுக் கீறலோட தெரு முனைக்கு வந்து, மக வாசலைப் பார்த்து, கிட்டப் போகப் பயந்துக்கிட்டு நின்னா.

"என்னத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிற?"ன்னு பாண்டிச்செல்வி சத்தம் போட்டா. "உள்ள போயி மோர் கரை. இன்னும் பதினாறு பேரு வந்துக்கிட்டு இருக்காக!"

மதினி ஓடுனா. மத்தை எடுத்தா. அப்ப பஸ்ஸு வந்து நின்னு ஹாரன் அடிச்சுச்சு. கண்டக்டர் படியில தொங்கிக்கிட்டே, "திருப்பூர் போறவுக வாறீகளா?"ன்னு கேட்டாரு.

"விருந்தாளுக இருக்காக, நாளைக்குப் பார்ப்போம்"னா பாண்டிச்செல்வி.

இது நடந்து நாலு வருசமாச்சு. திருப்பூர்லயிருந்து ஏழு வீட்டுக்காரவுக திரும்பி வந்துட்டாக. ஆனா அந்தக் கண்டக்டர் இன்னைக்கும் மத்தியானம் வந்து ஹாரன் அடிச்சுக் கேக்காமப் போக மாட்டாரு, பாண்டிச்செல்வியும் தலையைத் தூக்காம நாளைக்குன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குச் சொம்பை நீட்டுவா. நான் கவனிச்சுப் பார்த்திருக்கேன். அந்த ஹாரன் சத்தம் கேட்டதும் உள்ள மோர் கரைக்கிற போதுமணி மதினி கையி அப்படியே நின்னு போகும். நாளைக்குங்கிற சத்தம் காதுல விழுந்தப்புறம்தான் மத்து மறுபடி சுத்தும்.